சித்தப்பாவின் வில்லியம்ஸ்

ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தின் வில்லியம்ஸ் அணி 2020 ஆகஸ்ட் 21ஆம் திகதி கைமாறியது என்று பத்திரிகைகள் எழுதின. என் சித்தப்பா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "அது 96லயே போயிட்டுது. இப்ப உறுதி எழுதியிருக்கானுகள், அவ்வளவுதான்" என்றார். மாத்தளை திருகோணமலை வீதிக்குப் பின்பக்கம் லொறி கராஜ் நடத்தியவர் அவர். ஒரு கராஜ் எப்படி எழும்பும், எப்படி விழும் என்று உள்ளுக்குள் நின்று பார்த்தவர். கூட நின்று நானும் பார்த்தேன்.

தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வரும் லொறிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. நாவுல, நாலந்தா என்று ஏறி இறங்கி ஏ9 வீதியில் வருகிற வண்டிகளுக்குக் கிளச் பிளேட்டும் பிரேக்கும் தேய்ந்துகொண்டே இருக்கும். அந்த வேலைக்கென்றே எங்களிடம் ரத்தோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். சிங்களவர், எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. எஞ்சினை ஓடவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கியர்பெட்டி மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில், "முதலாளி, மூணாவது கியர். கழட்டுங்க" என்பார். கழற்றினால் மூன்றாவது கியரில்தான் பல் போயிருக்கும். கண்டி லொறிக்காரர்கள்கூட எங்கள் வாசலில் வரிசையில் நின்றது சித்தப்பாவின் பெயர்ப் பலகையைப் பார்த்து அல்ல, பாஸின் காதை நம்பி.

1996இல் இலங்கை கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்றது. ஊர் முழுக்க அர்ஜுன ரணதுங்கவின் படம். எங்கள் கராஜில் மட்டும் வில்லியம்ஸ் ஓட்டுநர் டேமன் ஹில்லின் படமும் சேர்ந்து தொங்கியது. டிஷ் வைத்திருந்த கூட்டாளி வீட்டில் உட்கார்ந்து சித்தப்பா பந்தயம் பார்ப்பார். அந்த வருடம் 16 பந்தயங்களில் 12ஐ வில்லியம்ஸ் வென்றது. 1992இல் நைஜல் மான்செல், 93இல் அலன் புரொஸ்ட், 96இல் ஹில், 97இல் ஜாக் வில்நவ் என்று சம்பியன்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த ஒரே வாசலிலிருந்து வந்தார்கள். 1994இல் இமோலாவில் அயர்ட்டன் செனா இறந்ததும் வில்லியம்ஸ் காரில்தான். அந்தச் சாவுக்குப் பிறகும் அதே வருடம் அணிகளுக்கான பட்டத்தை வில்லியம்ஸ் எடுத்தது.

சித்தப்பாவை மயக்கியது வெற்றியைவிட பிராங்க் வில்லியம்ஸ்தான். 1986 மார்ச்சில் பிரான்சில் நடந்த கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அணியை நடத்தினார். 1977இல் அவரோடு சேர்ந்து அதைத் தொடங்கிய பட்ரிக் ஹெட் பட்டறையைப் பார்த்துக்கொண்டார். "முதலாளியும் மேஸ்திரியும் அப்படி இருக்கோணும்" என்பார் சித்தப்பா.

அந்த வெற்றிக் கார்களை வரைந்தவர் ஏட்ரியன் நியூவி. அவருக்கு மேலே போக இடம் இருக்கவில்லை. தொழில்நுட்பப் பொறுப்பின் உச்சி, பங்குதாரரான ஹெட்டிடம் இருந்தது. ஓட்டுநர்களைத் தெரிவு செய்கிறபோதும் நியூவியின் பேச்சு எடுபடவில்லை. பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஹில்லுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்று முடிவானது. வந்தவர் ஹைன்ஸ் ஹரல்ட் ஃபிரன்ட்சன். அந்த வருடக் கடைசியில் நியூவியும் வெளியேறினார். 1997 ஆகஸ்டில் மக்லாரனில் சேர்ந்தார், 1998இல் மக்லாரன் இரண்டு பட்டங்களையும் தூக்கியது. அவர் விட்டுப்போன கார் 97இல் வில்லியம்ஸுக்குப் பட்டங்களை வாங்கிக் கொடுத்தது. அணிகளுக்கான பட்டம் ஒன்பது, ஓட்டுநர் பட்டம் ஏழு என்ற கணக்கு அத்தோடு நின்றுவிட்டது. பிறகு ஒன்றுகூடக் கூடவில்லை.

"பார்ட்ஸ் போனா வாங்கலாம் தம்பி, கை போனா எங்க வாங்க?" என்று எனக்கு அப்போது பாடம் எடுத்தவர் சித்தப்பாதான்.

பிஎம்டபிள்யூ எஞ்சின் வந்து சில வருடம் நம்பிக்கை தந்தது. 2003இல் மொன்டோயா பட்டத்துக்கு அருகில் போனார். உள்ளே புகைச்சல். தங்கள் எஞ்சினுக்கேற்ற கார் இல்லை என்று ஜெர்மன்காரர்களுக்கு மனக்குறை; அணியை விற்கப் பிராங்குக்கு மனமில்லை. 2005இல் பிஎம்டபிள்யூ சோபர் அணியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியது. மறு வருடம் கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் வில்லியம்ஸில் பரீட்சார்த்த ஓட்டுநராகச் சேர்ந்தார். பந்தயத்தில் ஓடக் கிடைக்கவில்லை என்றாலும், ஒரு தமிழ்ப் பெயர் அந்த வெள்ளை நீலச் சட்டைக்குள் போனதே சித்தப்பாவுக்குப் போதுமாக இருந்தது. பத்திரிகைப் படத்தை வெட்டி அம்மன் படத்துக்குக் கீழே ஒட்டினார்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் கராஜிலும் அது நடந்தது. கட்டாரிலிருந்து திரும்பிய மூத்த மகனைச் சித்தப்பா மேற்பார்வைக்கு வைத்தார். பாஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவன் நல்லவன், உழைப்பாளி. ஆனால் கியர்பெட்டியைத் திறக்கலாமா வேண்டாமா என்று அவன் சொல்லத் தொடங்கியதும் பாஸ் ஸ்குரூ டிரைவரைத் துடைத்து வைத்துவிட்டார். ஒரு மாசக் கடைசியில் சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "முதலாளி, மம யனவா" (நான் போறேன்) என்றார். சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றார். ரத்தோட்டை வீதியில் பாஸ் தகரக் கொட்டகை ஒன்று போட்டார். கண்டி லொறிகள் அந்தப் பக்கம் திரும்பின. நியூவி கதையை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனுஷன், தன் வாசலில் அதே கதை நடக்கும்போது அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

2011இல் வில்லியம்ஸ் மொத்த வருடத்துக்கும் எடுத்தது 5 புள்ளி. அந்த வருடம்தான் கம்பனிப் பங்குகள் பிராங்போர்ட் சந்தைக்கு வந்தன, ஹெட்டும் விலகினார். அடுத்த வருடம் நிர்வாகத் தலைவர் அடம் பார் போனார். பங்கு வாங்கி உள்ளே வந்திருந்த டோட்டோ வொல்ஃப், 2013 தொடக்கத்தில் மெர்சிடிஸுக்குப் போய் அங்கே ஒரு சாம்ராச்சியமே கட்டினார்.

இடையில் ஒரே ஒரு மின்னல். 2012 மே 13, பார்சிலோனா. வெனிசுவேலாக்காரர் பஸ்டர் மல்டொனாடோ, பெராரியில் வந்த அலொன்சோவைக் கடைசி வரை முந்தவிடாமல் வென்றார். எங்களுக்கு மாலை நேரம். சித்தப்பா எழும்பி நின்று கைதட்டினார்; கைதட்டல் ஓய்வதற்குள் இன்னொரு செய்தி. பிராங்கின் எழுபதாவது பிறந்தநாளையும் சேர்த்துக் கொண்டாடிக்கொண்டிருந்த வில்லியம்ஸ் கராஜுக்குள் தீ. கரும்புகைக்குள்ளிருந்து ஆட்களை வெளியே இழுத்தார்கள். மல்டொனாடோ தன் உறவுக்காரப் பையனை முதுகில் சுமந்து வந்தார்.

2013இல் பிராங்கின் மகள் கிளேர் துணைத் தலைவரானார், அன்றாட நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. அண்ணன் ஜோனதனுக்குப் பொறுப்பு போகவில்லை. அந்த மனக்கசப்பை 2017இல் வந்த 'வில்லியம்ஸ்' ஆவணப் படம் மூடி மறைக்கவில்லை. மெர்சிடிஸ் எஞ்சினோடு 2014இலும் 2015இலும் மூன்றாமிடம் வந்தார்கள். பெரிய அணிகளைப் போலச் செலவழிக்கப் பணமில்லை. 2017இல் தொழில்நுட்பப் பொறுப்புக்கு மெர்சிடிஸிலிருந்து பெடி லோ வந்தார். 2018இல் அணி 7 புள்ளியோடு கடைசி. 2019 பார்சிலோனா பரிசோதனை ஓட்டத்துக்கு எல்லா அணியும் வந்து ஓடிக்கொண்டிருந்தபோது வில்லியம்ஸ் கார் இன்னும் பூட்டி முடியவில்லை. மூன்றாம் நாள்தான் தடத்துக்கு வந்தது. மார்ச்சில் லோ விடுப்பில் போனார், திரும்பவில்லை. அந்த வருடக் கணக்கு ஒரே ஒரு புள்ளி. "வேலை முடியாத லொறிய வாசல்ல விட்டுட்டு கஸ்டமருக்கு டீ வாங்கிக் குடுக்கிற கதை" என்றார் சித்தப்பா. எங்கள் வாசலில் அப்படி இரண்டு லொறி நின்றன.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. வாகன இறக்குமதியையும் அரசாங்கம் நிறுத்தியது. புது வண்டி வராததால் பழைய லொறிகளுக்கு வேலை கூடியது, வேலை செய்யத்தான் கை இல்லை. சித்தப்பாவின் மகனான அண்ணனுக்கும், கராஜில் கணக்குப் பார்த்த அவன் தங்கச்சிக்கும் பேச்சு நின்றிருந்தது. ஆகஸ்டில் வில்லியம்ஸை அமெரிக்காவின் டொரில்டன் கெப்பிட்டல் வாங்கியது. செப்டெம்பர் 6, மொன்சா பந்தயத்தோடு கிளேர் விடைபெற்றார், குடும்பம் வெளியேறியது. அடுத்த வருட நவம்பரில் பிராங்க் இறந்தார்.

2022இல் டீசலுக்காக லொறிகள் நாள்கணக்கில் வீதியோரம் வரிசையில் கிடந்தன. தம்புள்ளையில் மரக்கறி அழுகியது. ஓடாத வண்டி பழுதாகாது; கராஜில் ஸ்பெனர் சத்தமே இல்லை. டொலர் இல்லாமல் பெயாரிங்கும் கிளச் பிளேட்டும் கொழும்பிலும் கிடைக்கவில்லை. எங்கள் பையன்கள் பாஸ்போர்ட் வரிசையில் நின்றார்கள். அண்ணனும் மறுபடி கட்டாருக்கே போனான். நாட்டு நெருக்கடிதான் கராஜைக் கவிழ்த்தது என்று உறவுக்காரர் சொல்கிறார்கள். அதே நெருக்கடியில் ரத்தோட்டை வீதிக் கொட்டகை மூடவில்லை. கிடைக்காத கிளச் பிளேட்டுக்குப் பழைய தட்டிலேயே புது லைனிங் அடித்துப் பாஸ் லொறிகளை ஓடவைத்தார்.

கராஜைத் தங்கச்சி கையில் எடுத்தாள். முதல் வேலையாகப் பாஸைத் தேடிப் போனாள். நானும் கூடப் போனேன். இலாபத்தில் பங்கு எழுதித் தருவதாகச் சொன்னாள். அவர் சிரித்தார். "இப்ப எனக்கு எதுக்கு மகள்? மகன் துபாய்ல. கண் தெரியல்ல, காது மட்டும் இருக்கு. சந்தேகம்னா லொறிய அனுப்புங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார்.

நியூவி பிறகு ரெட்புல்லில் பட்டங்களை அள்ளிக் குவித்து, அதன் உள்வீட்டுச் சண்டைக்கு நடுவில் 2024இல் அங்கிருந்தும் விலகுவதாக அறிவித்தார். ஆஸ்டன் மார்ட்டின் அவரைப் பங்குதாரராகவே சேர்த்துக்கொண்டது. அணித் தலைவர் கிறிஸ்டியன் ஹோர்னரை ரெட்புல் 2025 ஜூலையில் வெளியேற்றியது. அணிகள் விழுகிறபோது எஞ்சினையும் பணத்தையும் பற்றித்தான் நிறையப் பேசுகிறார்கள். எங்கள் கராஜைப் பார்த்தவன் என்பதால் நான் முதலில் கேட்பது, வேலை தெரிந்தவனிடம் கடைசியாக எப்போது யோசனை கேட்டார்கள் என்பதைத்தான். வில்லியம்ஸ் புது நிர்வாகத்தில் தலை தூக்கி, 2025இல் ஐந்தாமிடம் வந்தது. ஆனால் 2012 பார்சிலோனாவுக்குப் பிறகு அந்த வருடம் முடியும்வரை ஒரு பந்தயத்தைக்கூட அது வெல்லவில்லை.