நம்பிக்கை போன பின்னும் நிற்கும் ஆசாரம்

கடவுள் இல்லை என்னும் முடிவுக்கு வருவது அறிவின் வேலை என்று ஆத்திகரும் நாத்திகரும் ஒருசேரக் கருதுவதால், அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரு தரப்பும் வாதங்களை அடுக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் ஆசாரமான குடும்பத்தில் பிறந்து வளர்ந்து, பின்னர் அதிலிருந்து விலகியவர்களின் வாழ்க்கையை உற்று நோக்கினால், மனம் மாறியது அவர்களுக்கு எளிதாகவே இருந்திருக்கிறது என்பதும், கையும் காலும் வயிறும் மாறுவதற்குத்தான் பல ஆண்டுகள் பிடித்தன என்பதும் புலப்படும். எந்தக் கிழமையில் தலைக்கு எண்ணெய் வைக்கலாம், கிரகண வேளையில் யார் வெளியே வரக்கூடாது, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், தகப்பன் செத்தால் யார் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்று அன்றாட நடத்தையை வகுத்து வைத்திருக்கும் பழக்கங்களின் தொகுப்பே ஆசாரம் எனப்படுகிறது. அதை நடத்திச் செல்ல நம்பிக்கைகூடத் தேவையில்லை, கீழ்ப்படிந்தால் போதும். மணிமேகலையில் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் பூதவாதி என்றொருவன் வந்து, கண்கூடாகக் காண்பதற்கு அப்பால் எதையும் ஏற்க மறுக்கிறான் என்பதால், தமிழில் மறுப்புச் சிந்தனை மிகப் பழையது என்று சொல்லலாம். அந்தப் பூதவாதி தன் வீட்டுக்குள் எப்படி நடந்துகொண்டான் என்பதைத்தான் காப்பியம் சொல்லாமல் விட்டுவிட்டது.

சித்தூர் மாவட்டத்தில் நகரியை அடுத்துத் தமிழ்நாட்டு எல்லையோரம் அமைந்துள்ள விஜயபுரம் வட்டாரம், ஒருபுறம் திருமலையையும் மறுபுறம் திருத்தணியையும் வைத்துக்கொண்டு வாழ்வதால், ஆசாரம் உடம்பில் எப்படிப் பதிகிறது என்பதைக் காண ஏற்ற இடமாகும். புரட்டாசி பிறந்தால் மஞ்சள் வேட்டியும் துளசி மாலையுமாகக் கோவிந்தா போட்டுக்கொண்டு புத்தூர் வழியே திருப்பதிக்கு நடப்பவர்களும், ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு எதிர்த்திசையில் போகிறவர்களும் இங்கே ஒரே குடும்பத்தினராக இருப்பதுண்டு. புரட்டாசி முழுவதும் அடுப்பில் கறி ஏறாது. சனிக்கிழமை தளிகை போடாத வீடு அக்கம்பக்கத்தார் வாயில் விழும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மஞ்சள் நனைத்த துணியில் காசை முடிந்து சாமி படத்தருகே வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். திருமலை உண்டியலில் சேரும்வரை அந்த முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை. பிறந்த முடி இறக்குவதற்காக மலைமேல் உள்ள கல்யாணகட்டையில், அதாவது காணிக்கை முடி மழிக்கும் கூடத்தில், அழ அழ உட்கார வைக்கப்படும் குழந்தைக்குச் சாமி என்ற சொல்லே இன்னும் வாயில் வந்திருக்காது. நம்பிக்கை என்பது பிற்பாடு அந்தத் தலைக்குள் நுழைந்து, பிற்பாடு வெளியேறவும் கூடும். மொட்டை அடித்தது அதற்கு முந்தியது.

நம்பிக்கைக்கும் ஆசாரத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து, வாதத்தைவிடச் செயலுக்கு முதலிடம் தந்தவராகத் தெலுங்கு நாட்டில் 'கோரா' என்று அறியப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவைக் குறிப்பிட வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கஞ்சம் மாவட்டத்துச் சத்ரபூரில் 1902 நவம்பர் 15 அன்று பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் முதுகலை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கோவையிலும் கொழும்பு ஆனந்தா கல்லூரியிலும் பணிபுரிந்தவர் என்பதால், அவருடைய மனமாற்றத்தில் தமிழ் ஊர்களுக்கும் பங்குண்டு. ஒரே நாளில் ஞானம் பிறந்த கதை எதுவும் அவரிடம் இல்லை. சிறு வயதின் பக்தியும் பேய்ப் பயமும் படிப்படியாகவே கழன்றன. பேய் உலவுவதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் வேண்டுமென்றே குடியிருந்து பார்ப்பது போன்ற சோதனைகளால் அவர் தம் அச்சத்தை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டார். பூணூலைக் கழற்றியபோதுதான் வீடு விழித்துக்கொண்டது. மகனின் ஐயங்களைப் பொறுத்துக்கொண்டிருந்த தந்தையால் மகனின் வெறும் மார்பைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கோரா மனைவியோடு வெளியேற நேர்ந்தது, சாதியாரும் விலக்கி வைத்தனர். பின்னர் காக்கிநாடா கல்லூரியில் பணியாற்றியபோது கடவுட் கருத்தைப் பற்றி எழுதியதன் விளைவாக 1933-இல் அவ்வேலையும் போயிற்று.

அவருடைய மனைவி சரசுவதி கோராவைப் பற்றி இவ்விடத்தில் சற்று நின்று பேசுவது தகும், ஏனெனில் ஆண் நாத்திகனாவதும் அவன் வீட்டுப் பெண் நாத்திகையாவதும் ஒரே விலைக்கு நடப்பவை அல்ல. 1912-இல் பிறந்து பத்து வயதில் மணமுடிக்கப்பட்ட அவர், கருவுற்றிருந்த காலத்தில் சூரிய கிரகணத்தன்று வெளியே வந்து நின்றார். கிரகணத்தைப் பார்த்தால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று கர்ப்பிணிகளை இருட்டறையில் அடைத்து, காய்கூட நறுக்க விடாமல் வைக்கும் வழக்கம் இந்த எல்லையோரப் பகுதியில் இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. கணவர் கழற்றியது நூலை. மனைவி வெயிலில் நிறுத்தியதோ வயிற்றிலிருந்த பிள்ளையை. அப்பிள்ளைக்கு ஒரு மறு இருந்திருந்தாலும் ஊர் ஆயுள் முழுவதும் அதை அவர் தலையில்தான் சுமத்தியிருக்கும். பகுத்தறிவு இயக்கங்களின் வரலாறு பெரும்பாலும் மேடைப் பேச்சாளர்களின் வரலாறாக எழுதப்பட்டுவிட்டதால், இத்தகைய துணிச்சல் அடிக்குறிப்பாகவே தங்கிவிடுகிறது.

1940 ஆகஸ்டில் கிருஷ்ணா மாவட்டத்து முதுனூரில் கோராவும் சரசுவதியும் தொடங்கிய நாத்திக மையம் 1947-இல் விஜயவாடாவுக்கு இடம் மாறியது. கடவுளை மறுப்பதோடு நில்லாமல், மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்று வாழ வேண்டும் என்பதை வலியுறுத்தும் தம் கொள்கையைக் கோரா ஆக்க நாத்திகம் என்று அழைத்தார். அதன் நடைமுறை மிக எளியது: முதுனூரில் பௌர்ணமி நிலவில் எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். தீண்டாமை தவறு என்று ஒப்புக்கொள்பவர்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள், பந்தியில் உட்காருகிறவர்கள்தான் குறைவு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1960-களில் இம்மையத்தார் நடத்திக் காட்டிய தீமிதி சித்தூர்ப் பகுதி வாசகர்களுக்கு நெருக்கமான செய்தியாகும். இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் அக்கினி வசந்தம் பாரதக் கூத்தும் படுகளமுமாகப் பல நாள் நடந்து, மண்ணில் கிடத்திய துரியோதனன் உருவம் அழிக்கப்பட்ட பின் தீக்குழியில் இறங்குவதோடு முடிகிறது. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களையே நெருப்பு விடும் என்பது நம்பிக்கை. கரிக்கட்டை வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், மேலே சாம்பல் மூடியிருக்கும், வேகமாக நடப்பவரின் பாதம் ஓரிடத்தில் ஒரு நொடிகூடத் தங்குவதில்லை. எனவே விரதம் இல்லாதவரும் நடக்கலாம் என்று சரசுவதி முதலானோர் நடந்தே காட்டினர். தூய்மையானவர்க்கே வழி என்று சொல்லும் பூசாரிக்கு இது தக்க விடைதான். ஆயினும் காய்ச்சலில் பிழைத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியில் இறங்கும் தாய் நெருப்பின் இயல்பைச் சோதிக்க வரவில்லை, கடனைத் தீர்க்க வருகிறாள். அவள் கேட்காத கேள்விக்கு அறிவியல் விளக்கம் விடை சொல்கிறது. பகுத்தறிவாளர்கள் தீயை விளக்கிய அளவுக்குக் கடனை விளக்கவில்லை.

திருமணத்தில் ஆசாரத்தின் பிடி இன்னும் இறுகும். தம் மகள் மனோரமாவைத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அர்ஜுன ராவுக்கு மணமுடிக்கக் கோரா முடிவு செய்தபோது, சேவாகிராமத்தில் அதை நடத்தி வைக்க இசைந்த காந்தி, சடங்கில் கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரைச் சொல்லிக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார். அவர் கொல்லப்பட்ட பின், 1948 மார்ச் 13 அன்று அதே ஆசிரமத்தில் அம்மணம் நடந்தேறியது. காந்தியோடு நடத்திய உரையாடல்களைப் பற்றிக் கோரா எழுதிய சிறு நூலை நவஜீவன் பதிப்பகம் 1951-இல் வெளியிட்டது. எல்லையோரத் தமிழர்க்குச் சடங்கில்லாத் திருமணத்தில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. 1967-இல் அண்ணாதுரை அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவினால், புரோகிதரும் அக்கினியும் இன்றி மாலை மாற்றிக்கொள்ளும் சுயமரியாதைத் திருமணம் தமிழ்நாட்டில் செல்லும். எல்லையைத் தாண்டி ஆந்திரத்துக்குள் வந்தால் அப்பிரிவு இல்லை. அங்கே சடங்கில்லாமல் மணம் செய்துகொள்ள விரும்புவோர் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி அறிவிப்புக் கொடுத்து, 30 நாள் காத்திருக்க வேண்டும். சாதி கடந்து மணப்பவர்களின் பெயர்கள் பதிவு அலுவலகப் பலகையில் தொங்கும் அந்த ஒரு மாதம், உறவினர் திரண்டு வருவதற்குப் போதுமான காலம்.

பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜிட்டு கிருஷ்ணமூர்த்தியையும் இவ்வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. அவர் பிராமண ஆசாரத்திலிருந்து பிரம்மஞான சபையின் கைக்குப் போய், உலக குருவாக வளர்க்கப்பட்டு, தமக்கென்றே அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தை 1929-இல் ஹாலந்தின் ஓமன் நகரில் தாமே கலைத்தவர். அவரை நாத்திகர் என்பது பொருந்தாது. எந்த அதிகாரத்தையும் ஏற்காமல் சிந்திப்பவரைக் குறிக்கும் கட்டற்ற சிந்தனையாளர் என்னும் பெயரே ஓரளவு பொருந்தும். பதவியைத் துறந்த பின்னும் கேட்பவர்கள் அவரைக் குருவாகவே வைத்துக்கொண்டது அவர் குற்றமில்லை.

கோராவிடம் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. கண்டிப்பான ஆசாரத்தில் வளர்ந்தவர் நாத்திகத்தையும் அதே கண்டிப்போடு கடைப்பிடித்தார். பிள்ளைகளுக்குச் சாமி பெயர் கூடாது என்று, உப்புச் சத்தியாக்கிரக ஆண்டில் பிறந்த மகனுக்கு லவணம் என்றும், உலகப் போர் மூண்ட ஆண்டில் பிறந்தவருக்குச் சமரம் என்றும், ஒன்பதாவது குழந்தைக்கு ஒன்பது என்று பொருள்படும் நௌ என்றும் பெயரிட்டார். நாள் நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைக்கும் குடும்பத்தின் பிள்ளை, செய்தித்தாளைப் பார்த்துப் பெயர் வைத்தார் என்று சிரிக்கலாம். ஆனால் ஆசாரத்தை வெறும் அலட்சியத்தால் உதறியவர்கள், முதல் நோய் வந்ததும் மஞ்சள் துணியைத் தேடுவதை எல்லையோர ஊர்கள் நிறையவே கண்டிருக்கின்றன. ஒரு பழக்கத்தை விடுவதற்கு இன்னொரு பழக்கம் தேவைப்படுகிறது போலும்.

சாவுதான் ஆசாரம் கடைசியாகப் பிடிவிடும் இடம். கேரளத்தின் திருவல்லாவில் 1898-இல் மார்தோமா சபைப் பாதிரியாரின் மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்து, பின்னர் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய ஆபிரகாம் கோவூர், தம் இறுதிச் சடங்கை முன்கூட்டியே மறுத்திருந்தார். 1978-இல் அவர் மறைந்தபோது கண்கள் கண் வங்கிக்கும், உடல் மருத்துவ மாணவர்க்கும், எலும்புக்கூடு தாம் முன்பு பணியாற்றிய கொழும்புத் தர்ஸ்டன் கல்லூரிக்கும் என்று எழுதி வைத்திருந்தார். அவருக்கு அது நிறைவேறியதற்குக் காரணம், குடும்பமும் அவரோடு நின்றது. திருப்பதியில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடற்கொடைக்கு விண்ணப்பம் கொடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இறந்தவரின் கையெழுத்து மட்டும் அங்கே போதாது, உடலைக் கொண்டுபோய் ஒப்படைக்க நெருங்கிய உறவினர் இசைய வேண்டும். நாற்பது ஆண்டுகள் தளிகைக்கு உட்காராமல் வாழ்ந்த ஒருவரின் உடல் எங்கே போவது என்பதை, வருடந்தோறும் அதைப் போட்டுவந்த மனைவியும், கருமாதிக்கு நாள் பார்க்கச் சொல்லும் பங்காளிகளுமே அன்றைக்குத் தீர்மானிக்கிறார்கள்.