குவாய் நதியும் என் ஐயாவும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு நித்திரை வராமல் தொலைக்காட்சியைப் போட்டேன். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' ஓடிக்கொண்டிருந்தது. டேவிட் லீன் இயக்கி 1957 இல் வெளிவந்து, ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற படம். கதை நிகழ்வது சயாமில். படமாக்கியதோ இலங்கையில், கித்துல்கலையில், களனி கங்கைக் கரையில். அங்கு மரத்தாற் கட்டிய பாலத்தை மெய்யாகவே வெடிவைத்துத் தகர்த்துப் படம்பிடித்தார்கள்.

இப்படத்தை நான் முதன்முதலிற் பார்த்தது யாழ்ப்பாணம் றீகல் படமாளிகையில். அப்போது எனக்குப் பத்து வயது. படம் பார்க்கும் பழக்கமே இல்லாத ஐயா, சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு தாமாகவே புறப்பட்டது வீட்டாருக்கெல்லாம் வியப்பு. கைதிகள் சீழ்க்கையடித்தபடி அணிவகுத்து வந்தபோது கலரியும் சேர்ந்து சீழ்க்கையடித்தது. பாலம் வெடித்துப் புகைவண்டி ஆற்றில் விழுந்தபோது நான் எழுந்து நின்று கைதட்டினேன். ஐயா அசையாமல் இருந்தார்.

வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு வசனந்தான் சொன்னார்: "எங்கட சனம் ஒருத்தரையும் காட்டேல்லையே, தம்பி." எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

ஐயா 1930களில் மலாயாவுக்குப் போய்ப் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்தவர். 1946 இல் ஊர் திரும்பினார். யப்பானியர் காலத்தைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை. நான் பத்திரிகையிற் சேர்ந்து சில ஆண்டுகளின் பின், ஒரு விடுமுறை நாளில் முற்றத்து வேப்பமர நிழலில் இருந்தபடி தாமாகவே சொன்னார். 1943 இல் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ச் சனத்தைச் சரக்குப் பெட்டிகளில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பினார்களாம். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லியிருந்தார்களாம். பெட்டிக்கு எத்தனை பேர் என்று எண்ணி ஏட்டில் எழுதியது ஐயா.

"போனவையைத்தான் எழுதினனான். திரும்பி வந்தவையை எண்ணச் சொல்லி எனக்கு ஒருநாளும் வேலை வரேல்லை."

சயாம் - பர்மா பாதையின் நீளம் 415 கிலோமீற்றர். 1942 இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். வேலைக்கு அமர்த்தப்பட்ட நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தோர் 12,000 பேருக்கு மேல். அவர்களுள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழர், பர்மியர், மலாயர், யாவாக்காரர் எனக் கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளரில் மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் கொன்றவர்கள் அவர்கள். அவர்களிற் பெரும்பாலானோருக்குப் பெயருமில்லை, கல்லுமில்லை.

அன்று நான் குறிப்பெடுக்கவில்லை. ஐயா தடுத்திருந்தார்: "நான் இருக்குமட்டும் எழுதாதை." அவர் 1986 இற் காலமானார். அதன் பின் எத்தனையோ பேரின் கதைகளை எழுதினேன். இதைமட்டும் ஒவ்வொரு ஆண்டும் தள்ளிப்போட்டேன். நாட்டில் அன்றன்று எழுத வேண்டியிருந்த சாவுகளே போதுமானவையாக இருந்தன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அவர் வேலைபார்த்த நிலையத்தின் பெயர் எனக்குத் தெரியாது. புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு, 'எங்கே என்று முதலிற் கேள்' என்று சொல்லிக்கொடுத்தவன் நான். என் தகப்பனிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல இன்று ஒருவருமில்லை.

படத்தின் முடிவில் வழக்கம்போலப் பாலம் வெடித்தது. இம்முறை நான் கைதட்டவில்லை. அந்த வண்டியின் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் பேசாத முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். இன்றே பக்கத்தில் அமர்ந்து, ஊர்ப் பெயர்களையாவது கேட்டு எழுதிவையுங்கள்.