பெரிய ரயரும் தேய்ந்த பிறேக்கும்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஏ9 வீதியிலிருந்து மேற்கே திரும்பினால் அக்கராயன். குளக்கட்டுக்குக் கீழே வயல். அயலில் ஸ்கந்தபுரம், வன்னேரிக்குளம். வீதி இன்னும் மேற்கே போய் ஜெயபுரம் பக்கமாக ஏ32 இல் ஏறும். அதையும் கடந்தால் கிராஞ்சி, வலைப்பாடு என்று கடற்கரை. வயலும் கடலும் இப்படிக் கிட்டக் கிட்டக் கிடப்பதால் இந்தப் பக்கத்துப் பிக்கப்புகளுக்கு ஓய்வில்லை. காலபோக அறுவடையில் நெல் மூடை, மற்ற நாட்களில் உரம், மரக்கறி, ஐஸ் போட்ட மீன் பெட்டி. தார் வீதி, கிரவல், வயல் களி, கடற்கரை மணல் என்று நான்கையும் ஒரே நாளில் மிதித்துவிட்டு வரும் வண்டிகள் இவை. எந்த ரயர் போடுவது என்று இங்கே ஒருவர் யோசித்தால் அவர் யோசிப்பது தன் பிழைப்பைப் பற்றி.

வண்டிகளுக்கும் வயதாகிவிட்டது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 இல்தான். இடையில் 2022 இன் எரிபொருள் வரிசை வேறு. இருப்பதை விற்றால் இன்னொன்று வாங்க முடியாது என்ற நிலையில் எல்லோரும் பழைய பிக்கப்பையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். திருத்திக் கொடுத்த கைகளைப் பார்க்கத்தான் அக்கராயன் பக்கம் ஒரு கராஜுக்குப் போயிருந்தேன்.

தகரக் கூரை, பக்கத்தில் ஒரு பாலை மரம், எண்ணெய் ஊறிக் கறுத்த சீமெந்து நிலம். வேலைக்கு இரண்டு பேர்: அறுபதைத் தாண்டிய பெரியவரும், அவருடைய தங்கையின் மகனும். நான் போன நேரம் ஓர் இளைஞர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ரயர் நான்கும் தேய்ந்து, பூக்களுக்கு இடையில் இருக்கும் 1.6 மில்லிமீற்றர் அடையாளக் கட்டை வெளியே தெரிந்தது. கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார்.

"அண்ணை, 235/75 போடுவம். வண்டி நல்லா எழும்பி நிக்கும். மாரிக்கு வயலுக்கை இறங்கலாம்."

வண்டியில் இருந்தது 205/70, றிம் 15 அங்குலம். பெரியவர் வாயால் மறுப்புச் சொல்லவில்லை. வெண்கட்டி எடுத்து நிலத்தில் கணக்குப் போட்டார். 205 இல் நூற்றுக்கு எழுபது 143.5. மேலும் கீழும் இரண்டு பக்கம், 287. றிம்மின் 381 மில்லிமீற்றரைக் கூட்டினால் 668. புதிதாகக் கேட்ட ரயரை அதே மாதிரிப் பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 734. வித்தியாசம் 66. அதில் பாதிதான் அச்சை உயர்த்தும். ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட, 33 மில்லிமீற்றர். நாலு புது ரயரின் விலைக்குக் கிடைக்கும் உயரம் அவ்வளவு.

பிறகு கொடுக்க வேண்டியதைச் சொன்னார். சில்லு பத்து வீதம் பெரிதானால் ஸ்பீடோமீற்றர் 50 காட்டும்போது வண்டி 55 இல் ஓடும். எஞ்சின் நிலத்துக்குக் கொடுக்கும் இழுவை 9 வீதம் குறையும். மூன்றாம் கியரில் ஏறிய குளக்கட்டுக்கு இரண்டாம் கியர் போட வேண்டிவரும், கிளச் மணக்கும். பிறேக்கும் அதே அளவுக்குப் பலம் குறையும், ஏனென்றால் டிறம் பழைய டிறம்தான், சில்லு மட்டும் பெரிது. றிம் வெளியே தள்ளி நின்றால் பெயரிங் தின்னும். பாரம் ஏற்றி முழுக்கத் திருப்பினால் மட்காட்டில் உரசும்.

"தம்பி, வண்டி உயரும். எஞ்சின்ரை வலு உயராது."

மருமகன் பின்சில்லு ஒன்றைக் கழற்றி டிறம்மை இழுத்தெடுத்தார். அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. பிறேக் லைனிங் தேய்ந்து றிவெற்றின் பித்தளைத் தலை மினுங்கியது. அச்சின் எண்ணெய்ச் சீல் கசிந்து லைனிங்கின் அரைவாசி ஊறிப்போய் இருந்தது. விரலால் தடவி இளைஞரிடம் காட்டினார், கறுப்பாய்ப் பிசுபிசுத்தது. அந்தப் பிறேக்கோடு தினமும் மூடை ஏற்றிக்கொண்டு ஏ9 இல் பஸ்ஸுக்குப் பின்னால் போய் வந்திருக்கிறார் அவர். தனக்கும் பயமாகத்தான் இருந்தது என்று ஒத்துக்கொண்டார். மிதி கொஞ்சம் கீழே போவதாகத் தெரிந்ததாம், பழகிவிட்டதாம்.

பெரிய ரயர் கூடாது என்று பெரியவர் ஒரேயடியாகச் சொல்லவும் இல்லை. எந்த நிலத்துக்கு என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வயல் களிமண்ணில் மேலே சேறு, ஒரு சாண் கீழே இறுகிய மண். அங்கே ஒடுங்கிய, பூ ஆழமான ரயர் சேற்றை வெட்டிக்கொண்டு போய் இறுகிய மண்ணைப் பிடிக்கும். அகலமான ரயர் மேலேயே மிதந்து வழுக்கும். வலைப்பாட்டு மணலில் கதை தலைகீழ். வெட்டினால் புதையும், மிதந்தால்தான் ஓடும். அதற்கும் புது ரயர் வாங்கத் தேவையில்லை. காற்றை 35 இலிருந்து 20 அளவுக்கு இறக்கினால் ரயர் நீளவாட்டில் பரந்து மணலை அணைத்துக்கொள்ளும். தார் வீதி ஏறுமுன் திரும்ப அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும். இரண்டு சில்லில் இழுக்கும் வண்டி சேற்றில் நிற்பதற்குக் காரணமே வேறு என்றார் மருமகன். சாதாரண டிபரன்சலில் பிடிமானம் இல்லாத சில்லு சுற்றும், பிடிக்கக்கூடிய சில்லு பேசாமல் நிற்கும். ரயரைப் பெருப்பித்தால் அந்தக் குணம் மாறாது. வெறும் வண்டி என்றால் பின்னுக்கு இரண்டு மண்மூடையைப் போடுவது கூட உதவும்.

ரயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் அவர்தான் காட்டினார். 104 என்றால் உரிய காற்றோடு ஒரு ரயர் 900 கிலோ தாங்கும், 94 என்றால் 670 தான். பார்வைக்குக் கொழுத்த ரயர் எல்லாம் பாரத்துக்குச் செய்தவை அல்ல. நெல் மூடை 65 கிலோ என்று வைத்தாலும் 20 மூடை 1,300 கிலோ, அதில் பெரும்பங்கு பின் அச்சில். அதோடு நாலு இலக்கம் ஒரு கூட்டுக்குள் இருக்கும்: 1219 என்றால் 2019 ஆம் ஆண்டு 12 ஆம் வாரம் வார்த்தது. கடையில் கறுப்பு மினுக்கம் பூசி வைத்த பாவித்த ரயரை வாங்குகிறவர்கள் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கட்டும்.

அன்றைய பெரிய வேலை ஸ்பிறிங். அதே பிக்கப்பின் பின் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. யூ போல்ற்றைக் கழற்றித் தகடுகளை ஒவ்வொன்றாக விரித்தார்கள். ஒன்று உடைந்திருந்தது, மற்றவை கூன் விழுந்து தட்டையாகியிருந்தன. பெரியவர் வலப்பக்கத்து நல்ல தகட்டை நிலத்தில் பக்கவாட்டில் வைத்து, அதன் வளைவை வெண்கட்டியால் வரைந்தார். பிறகு தட்டையான தகட்டைப் பட்டறைக் கல்லில் வைத்து, பச்சையாகவே, நெருப்புக் காட்டாமல், ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அடித்துக்கொண்டு போனார். ஒவ்வோர் அடியும் முந்திய அடிக்கு ஒரு விரல் தள்ளி. நடுவில் நிறுத்தி, கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். ஓர் ஓரம் கோட்டைத் தாண்டினால் திருப்பிப் போட்டு இரண்டு அடி. காஸ் சுவாலை பிடித்தால் நிமிடத்தில் வளைக்கலாமே என்று கேட்டேன். சூடாக்கினால் உருக்கின் பதம் போய்விடும், பாரத்தில் ஒரு மாதம் நின்றுவிட்டுப் பட்டென்று முறியும் என்றார். தகடு கோட்டில் சரியாக உட்கார்ந்தபோது வெண்கட்டிக் கோடு தெரியவே இல்லை.

கூடுதலாக ஒரு தகடு போட்டால் என்ன என்று இளைஞர் கேட்டார். வெறும் வண்டி கிரவலில் துள்ளும், துள்ளத் துள்ளச் சசி வெடிக்கும், பாரம் ஏற்ற ஆசையும் கூடும் என்று பதில் வந்தது.

இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? அவர் தொழில் பழகியது பொருளாதாரத் தடைக் காலத்தில். வன்னிக்குள் பெற்றோல் இல்லை. சிறு போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்பதால் ஒயில் கம்பியை மணந்து பார்ப்பது அன்று வந்த பழக்கம். டீசல் வண்டி வந்தாலும் இன்றும் மணக்கிறார். 2008 இல் அக்கராயன் இடம்பெயர்ந்தது. சனம் ஏறிப்போன ரக்ரர்களும் லொறிகளும் பிக்கப்புகளும் முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்து குவிந்து கிடந்து, பிறகு பழைய இரும்பாக ஏறிப்போயின. அவற்றில் தன் கை பட்ட வண்டிகளும் இருந்தன என்று மட்டும் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. ஒரு வண்டியிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அந்த ஆண்டுகள் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன: பாரத்தைத் தாங்கு, மிதித்தால் நில், வழியில் விட்டுவிடாதே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மருமகனுக்கு அறிவியல்நகரில் 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்க ஆசை. படிக்கட்டும். ஸ்கானர் பிடித்துப் பிழை தேடும் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன, அதற்குக் கையோடு படிப்பும் வேண்டும். பெரியவரிடம் கடதாசி எதுவும் இல்லை. அனுபவத்தைச் சோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பமும் ஆவணமும் எழுத்தும் என்று வரும்போது இப்படிப்பட்டவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். மதிப்பிடுகிறவர்கள் கராஜுக்கே வந்து, தகடு கோட்டில் உட்காருவதை ஒருமுறை பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். இருபது மூடையோடு ஏ9 இல் போகும் ஒரு வண்டி நிற்குமா நிற்காதா என்பதை முடிவு செய்கிறவர்களுக்கு அந்த மதிப்புக்கூட இல்லை என்பது எனக்கு ஆறவில்லை.

பின்னேரம் இளைஞர் கணக்கை மாற்றினார். சீல், இரண்டு பக்கமும் புது லைனிங், பின் ஸ்பிறிங் முதலில். ரயர் பழைய அளவிலேயே, பின்னுக்குக் கட்டைப் பூ உள்ளது இரண்டு, முன்னுக்குச் சாதாரணம் இரண்டு. பெரிய ரயருக்கென்று வைத்த காசில் மிஞ்சியதற்குப் பற்றரியில் ஓடும் ஒரு சிறு கொம்பிறசரும் காற்று அளக்கும் மீற்றரும், மணலுக்குப் போகிறவர் என்பதால். இரவுக்கே மூடை ஏற்ற வேண்டும் என்று அவசரப்பட்டார்.

"ஏத்துங்கோ, ஆனா பாதிதான்," என்றார் பெரியவர். "லைனிங் டிறம்மிலை படிய வேணும். ஒரு கிழமை பாத்து ஓடிப்போட்டுக் கொண்டு வாங்கோ, இறுக்கித் தாறன். அதுக்குக் காசில்லை."