எண்ணெய்க் கறை

எங்கள் வீட்டு முன்வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு கறை இருக்கிறது. அம்மா சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். மரத்தூளைக் கொட்டி ஒரு வாரம் விட்டு வைத்தும் பார்த்தார். வெளுத்ததே தவிர, போகவில்லை. வீட்டிற்கு வருபவர்கள் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள். அந்தக் கறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்தவர்கள். அப்பா அங்கே இஞ்சின்காரர். லயத்து வீடுகளுக்கு விளக்கெரிய மின்சாரம் கொடுத்த டீசல் இஞ்சின் அவர் பொறுப்பில் இருந்தது. பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. 1999ஆம் ஆண்டு, 55 வயது நிறைந்து ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தபோது, அப்பா இரண்டு காரியங்கள் செய்தார். சுங்கைப்பட்டாணியில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார். பழைய பெரோடுவா கஞ்சில் ஒன்றை வாங்கினார். கஞ்சில் என்றால் சருகுமான். 1994இல் சந்தைக்கு வந்த அந்தச் சின்னக் கார், சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் மட்டுமே அறிந்திருந்த எங்களைப் போன்ற எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கார். மூன்று சிலிண்டர், 660 சிசி. அப்பா அதைச் சனிக்கிழமைதோறும் குளிப்பாட்டுவார்.

அண்ணன் எஸ்.பி.எம். தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் 2005இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்குப் போனேன். வீட்டில் என் சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கின. அண்ணனின் எண்ணெய்ச் சட்டை கொல்லைப்புறக் கொடியில் தொங்கியது. அதை நான் அப்போது கவனித்ததில்லை.

2006இல் அண்ணன் அந்தக் கஞ்சிலின் இஞ்சினை மாற்றினார். ஜப்பானில் ஓடிய பழைய கார்களின் முன்பாதியை அறுத்து இங்கே கொண்டுவந்து விற்பார்கள். 'ஹாஃப் கட்' என்று சொல்வோம். அப்படி வந்த டைஹாட்சு மீரா ஒன்றின் டர்போ இஞ்சினை வாங்கிப் பொருத்தினார். அதுவும் 660 சிசிதான். ஆனால், இஞ்சின் வெளியே விடும் புகையின் வேகத்தாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ. ஜப்பானில் அவ்வகைச் சிறு கார்களுக்கு உற்பத்தியாளர்கள் வகுத்துக்கொண்ட வரம்பு 64 குதிரைசக்தி. எங்கள் பழைய இஞ்சினைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அண்ணன் முறையாகப் பரிசோதனைக்குக் காட்டி, சாலைப் போக்குவரத்து இலாகாவில் புதிய இஞ்சின் எண்ணையும் பதிந்துகொண்டார். எல்லாம் செய்தார், அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை.

அப்பா திட்டவில்லை. பேசாமல் இருந்துவிட்டார். சனிக்கிழமைக் குளியலும் நின்றது. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அம்மா என்னிடம் தொலைபேசியில் சொன்னார்.

இரண்டு மாதத்தில் ஒழுகல் தொடங்கியது.

முதலில் இஞ்சினின் தலை மூடியோரம் எண்ணெய் கசிந்தது. அண்ணன் அந்த கேஸ்கட்டை மாற்றினார். பத்து நாள் கழித்து கேம்ஷாஃப்ட் சீல் பக்கம் கசிந்தது. அதையும் மாற்றினார். பிறகு ஆயில் பிரஷர் சுவிட்ச். பிறகு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி. கடைசியில் கியர்பாக்ஸையே கழற்றி இறக்கி, கிராங்க் ஷாஃப்ட்டின் பின் சீலையும் மாற்றினார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விழுங்கிய வேலை. ஒவ்வொரு முறையும் சில நாள் காய்ந்திருக்கும். பிறகு வேறோர் இடத்தில் ஈரம் தெரியும். காலையில் தரையில் புதுச் சொட்டு இருக்கும். பட்டறையில் அவருடைய கூட்டாளிகள், "ஊரான் காடி எல்லாம் செய்யிற, ஒன் காடி மூத்திரம் போவுதே" என்று கேலி செய்தார்களாம். சொந்தமாக ஒரு பட்டறை வைக்க வேண்டுமென்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கேலி எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

2007 தைப்பூசம் முடிந்து நான் கோலாலம்பூர் திரும்ப வேண்டும். மறுநாள் காலை எனக்குப் படைப்பு இருந்தது. அண்ணன் தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். அம்மாவும் உடன் வந்தார். நெடுஞ்சாலையில் ஜாவியைத் தாண்டும்போது இஞ்சின் மூடியின் இடுக்கிலிருந்து வெண்புகை வந்தது. ஓரமாக நிறுத்தித் திறந்து பார்த்தால், கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாய் மீது சொட்டிக் கருகிக்கொண்டிருந்தது. தீப்பிடிக்கவில்லை, பிடித்திருக்கலாம். லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. அம்மா என் கையை விடவே இல்லை.

அப்போது நான் சொன்னேன்: "படிக்காதவன் புத்தி இதுதான்."

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் குச்சியைத் துடைத்துப் பார்த்தார். டாக்சி பிடித்து என்னைப் பட்டர்வொர்த் பேருந்து நிலையத்துக்கு அனுப்பினார். டாக்சிக் காசையும் அவரே கொடுத்தார்.

அந்த மாதமே சீனப் பெருநாள் விடுமுறை வந்தது. பட்டறை மூடியிருந்தது. நான் வீட்டிற்கு வந்தபோது காரின் மூடி திறந்திருந்தது. அண்ணன் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக இருவருக்கும் இடையே பேச்சில்லை. அப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"எப்ப ஒழுகுது?"

அண்ணன் நிமிர்ந்தார். "எங்க ஒழுகுதுன்னா கேக்குறீங்க?"

"எங்கன்னு நீதான் ஆறு மாசமா பாக்குறியே. எப்பன்னு கேக்குறேன். நின்னா ஒழுகுதா? ஓடுனா ஒழுகுதா?"

அண்ணனிடம் விடை இல்லை. காலையில் சொட்டைப் பார்க்கிறார். கசிந்தது எப்போது என்று பார்த்ததில்லை.

அன்று மதியம் இருவரும் சேர்ந்து இஞ்சினை மண்ணெண்ணெய் கொண்டு கழுவித் துணியால் ஒற்றி எடுத்தார்கள். காய்ந்ததும் அப்பா என்னை அழைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைக் கொண்டுவரச் சொன்னார். இணைப்புகள் எல்லாவற்றின் மீதும் அதைத் தூவினார். எண்ணெய் எங்கே கசிந்தாலும் வெள்ளையில் கறுப்புக் கோடாகத் தெரிந்துவிடும். பிறகு இஞ்சினை முடுக்கி, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். பவுடர் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு இல்லை. அடுத்து அண்ணன் நெடுஞ்சாலையில் வேகமாக ஒரு சுற்றுப் போய் வந்தார். மூடியைத் திறந்தால் மூன்று இடங்களில் கறுப்புக் கோடு.

"அப்ப சீலு கெட்டுப் போகல. உள்ளேருந்து எதோ தள்ளுது" என்றார் அப்பா.

பிறகுதான் தம் பழைய இஞ்சினைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் அவர் பார்த்துக்கொண்டது இங்கிலாந்தில் செய்த லிஸ்டர் டீசல் இஞ்சின். எந்த இஞ்சினிலும் பிஸ்டனைத் தாண்டி நெருப்புக் காற்றில் கொஞ்சம் கீழே இறங்கும். அது கிராங்க் அறையில் அடைபட்டால் அழுத்தம் ஏறும். அதை வெளியேற்ற லிஸ்டரில் ஒரு சுவாசக் குழாய் உண்டு. அதற்குள் ஒரு மெல்லிய தகடு. பிஸ்டன் இறங்கும்போது தகடு திறந்து காற்றை வெளியே விடும், ஏறும்போது மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே அழுத்தத்துக்குப் பதிலாக மெல்லிய இழுப்புத்தான் எப்போதும் இருக்கும். எண்ணெய் வெளியே வராது. தகட்டில் அழுக்குச் சேர்ந்து ஒட்டிக்கொண்டால், மறுநாளே ஷாஃப்ட் ஓரமாக எண்ணெய் வழியத் தொடங்கும்.

"தகடு அடிக்கிற சத்தம் கேக்கலன்னா எனக்குத் தூக்கத்துலயே தெரியும்" என்றார்.

அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நாங்கள் இருவரும் தூங்கி வளர்ந்தவர்கள்தாம். அதற்குள் இப்படி ஒரு கணக்கு இருப்பது இருவருக்குமே தெரியாது.

சோதித்துப் பார்க்கக் கருவி வேண்டுமே? அம்மா அப்போது ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். வீட்டில் ஒரு பெட்டிக் கையுறை இருந்தது. அப்பா எண்ணெய்க் குச்சியை உருவிவிட்டு, அந்தக் குழாயில் ஒரு நீண்ட ரப்பர்க் குழாயைச் செருகி இறுக்கினார். மறுமுனையைச் சன்னல் வழியாகக் காருக்குள் கொண்டுவந்து, ஒரு கையுறையை அதன் வாயில் மாட்டிக் கட்டினார். அதைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. அண்ணன் ஓட்டினார். அப்பா பின்னால் உட்கார்ந்தார். இஞ்சின் மாற்றிய பிறகு அப்பா அந்தக் காரில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

வீட்டு வாசலில் கையுறை சுருங்கிக் குழாயோடு ஒட்டிக்கொண்டது. குரூணில் ஜெராய் மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் அண்ணன் வேகத்தைக் கூட்டினார். டர்போவின் சீட்டிச் சத்தம் கேட்டது. என் கையிலிருந்த கையுறை அசைந்தது, நிமிர்ந்தது, ஐந்து விரலும் விறைத்துப் பசுவின் மடிபோல் உப்பியது.

"ப்பா! உப்புதுப்பா!" என்று கத்திவிட்டேன்.

"காட்டு, காட்டு" என்று அப்பா முன்னால் சாய்ந்தார். அண்ணன் சிரித்தார்.

வீட்டிற்கு வந்ததும் காரணத்தைக் கண்டுபிடிக்க அண்ணனுக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை. இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. கிராங்க் அறையின் காற்றை இஞ்சினுக்குள்ளேயே திருப்பிவிடும் பி.சி.வி. வால்வு ஒருவழிப் பாதை. அதைக் கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை. இரண்டு பக்கமிருந்து ஊதினாலும் காற்றுப் போனது. திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று, தலை மூடியிலிருந்து காற்று வடிகட்டிப் பக்கம் போக வேண்டிய குழாய். இடம் பற்றாமல், பார்வைக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று இஞ்சின் பொருத்தியபோது அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்திருந்தார்கள்.

ஆகவே, மெதுவாக ஓடும்போது இஞ்சினின் இழுப்பு அந்த வால்வு வழியே காற்றை உறிஞ்சிக்கொள்ளும்; ஒழுகாது. வேகமெடுத்தால் டர்போ அழுத்திய காற்று அதே வழியாகத் தலைகீழாகக் கிராங்க் அறைக்குள் பாயும். வெளியேற வேறு வழியில்லை. எங்கே பலவீனமோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். ஓரிடத்தை அடைத்தால் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். ஆறு மாதமாக அண்ணன் போட்ட புதிய சீல்கள் ஒன்றும் கெட்டவையல்ல.

புதிய வால்வு ஒன்றைப் போட்டு, அடைத்திருந்த குழாயைத் திறந்து, நடுவில் எண்ணெய் பிடிக்க ஒரு சிறு டப்பாவை வைத்து மீண்டும் இணைத்தார். கேஸ்கட்டுகளுக்கும் சீல்களுக்கும் செலவழித்ததை நினைத்தால் மிகச் சொற்பச் செலவு. மறுநாள் மீண்டும் பவுடர் தூவி ஜெராய் வரை போய் வந்தார்கள். இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது இருவர் கையிலும் தேநீர்ப் பொட்டலம் இருந்தது. பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

இரவு அண்ணன் வாசலில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜாவியில் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை. "அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

"நீ சொன்னது கூட பரவால்ல" என்றார் அவர். "அம்மா 'அப்படிச் சொல்லாத'ன்னு சொல்லலையே, அதான்."

நான் அன்றுவரை ஒழுகலைத்தான் பார்த்திருந்தேன். படிப்பில்லாதவன் என்ற எண்ணம் அந்த வீட்டுக்குள் எத்தனை ஆண்டுகளாக அவரை அழுத்தியது என்று பார்க்கவில்லை. கேட்காமல் இஞ்சினை மாற்றியதும், வேகமாக ஓட்டியதும், வாய் திறவாமல் இருந்ததும் அதன் கசிவுகள்தாம். அம்மாவும் நானும் அந்த அழுத்தத்தில் பங்குகொண்டவர்கள். மறுநாள் அம்மா தம் கையாலேயே அந்த எண்ணெய்ச் சட்டையை இஸ்திரி போட்டு முன்னறையில் மாட்டினார். எனக்குத் தெரிந்து அவர் கேட்ட மன்னிப்பு அதுதான்.

அண்ணன் 2010இல் சொந்தப் பட்டறை வைத்தார். திறப்பு நாளன்று அப்பா ஒரு பழைய இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தோட்டத்தை விட்டு வரும்போது லிஸ்டரிலிருந்து கழற்றி எடுத்து வைத்திருந்தாராம். அது கல்லாப்பெட்டிக்கு மேலே இன்றும் தொங்குகிறது. அப்பா 2018இல் காலமானார்.

நான் இப்போது கூலிமில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆசிரியை. கடைசி வரிசையில் உட்கார்ந்து மேசையைக் கிறுக்கும் மாணவனை, பாதியில் எழுந்து போகும் மாணவியைத் தண்டனைப் பதிவேட்டில் எழுதுவது எளிது. ஓரிடத்தை அடைத்தால் வேறிடத்தில் ஒழுகும். அப்போதெல்லாம் அப்பாவின் கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: எங்கே என்பதை விடு, எப்போது? எல்லா முறையும் விடை கிடைப்பதில்லை. கேட்டுப் பார்த்த முறைகளில் பிள்ளைகள் கொஞ்சம் பேசியிருக்கிறார்கள்.

பேரவையில் இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டிலும் சான்றிதழ் மாட்டாத ஓர் அண்ணனோ அக்காளோ இருக்கலாம். விடுமுறைக்குப் போகும்போது அவர்களுடைய வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்; அவர்கள் விளக்குவதை முழுவதும் கேளுங்கள். நான் கேட்கத் தொடங்கியது ஜெராய் மலைப்பாதையில், கையில் ஒரு கையுறையோடுதான்.

அம்மா இப்போது அந்தக் கறையைத் தேய்ப்பதில்லை.