உறங்காப்புளி ஊர்ல ஒரு ஆறு மீட்டர் ரிப்பன்!

ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்வாங்க. ரிப்பன் பறக்காதா? பறந்துச்சு பாஸ்! நேரா வந்து என் கழுத்துல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு நின்னுச்சு. தாமிரபரணி மணல்ல உட்கார்ந்து என் சித்தி மக விழுந்து விழுந்து சிரிச்சா. "அசையாதண்ணே... முடிச்சு விழுந்தா பாயின்ட் போயிரும்!"

கதையைக் கொஞ்சம் பின்னாடியிலேர்ந்து சொல்றேன்.

செமஸ்டர் லீவு. திருநெல்வேலியிலேர்ந்து திருச்செந்தூர் பாசஞ்சர்ல ஜன்னல் சீட். ரெண்டு பக்கமும் வயலும் வாழையும் ஓடி வருது. ஸ்ரீவைகுண்டம் வந்ததும் ரயில்ல எல்லாரும் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுறாங்க. தண்டவாளத்துக்குக் கீழ மண்ணு அரிச்சுப்போய், சென்னைக்குக் கிளம்பின எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பயணிகளோட மாட்டிக்கிட்டு நின்ன ஸ்டேஷன் அதுதான். அதுக்கு அடுத்த ஸ்டேஷன் ஆழ்வார்திருநகரி. எங்க ஆச்சி ஊரு.

ஊரோட பழைய பேரு குருகூர். நம்மாழ்வார் பிறந்த ஊர், நவதிருப்பதிகள்ல ஒண்ணு. ஆதிநாதர் கோயிலுக்குள்ள போனா அந்தப் புளியமரம். சாதாரணப் புளி ராத்திரியானா இலையைக் கூப்பிக்கிட்டுத் தூங்கிடும். இது தூங்காதுங்கிறது ஊர் நம்பிக்கை, அதனால பேரு உறங்காப்புளி. கல்லுல செஞ்ச நாதஸ்வரம் ஒண்ணும் இந்தக் கோயில்ல இருக்கு. இதையெல்லாம் பார்த்து ஒரு கட்டுரை தேத்திடலாம்னுதான் நோட்டும் பேனாவுமா போனேன். கடைசியில நோட்டு முழுக்க எழுதினது ரிப்பனைப் பத்தி!

எல்லாத்துக்கும் காரணம் 2024 ஆகஸ்ட் 9. பாரிஸ் ஒலிம்பிக்ஸ். முந்தின ராத்திரிதான் நீரஜ் சோப்ரா வெள்ளி வாங்கியிருந்தார். அன்னைக்கு வீட்ல எல்லாரும் அமன் செஹ்ராவத் மல்யுத்தத்துக்காகக் காத்திருக்க, அப்ப ஏழாவது படிச்சிக்கிட்டிருந்த இவ மட்டும் சித்தி போனைத் தூக்கிட்டுப் போய் மாடிப்படியில உட்கார்ந்துட்டா. ஓடினது ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் ஃபைனல். ஜெர்மனியோட தார்யா வர்ஃபோலோமீவ், வயசு பதினேழு. வளையம், பந்து, கிளப், ரிப்பன்னு நாலையும் சேர்த்து 142.850 பாயின்ட், தங்கம்! மறுநாள் காலையில இவளோட ரெட்டை ஜடை ரிப்பன் ரெண்டையும் காணோம். ஒண்ணா தைச்சாச்சு!

ஜிம்னாஸ்டிக்ஸ்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது தீபா கர்மாகர். 2016 ரியோவுல வால்ட்ல நாலாவது இடம். வெறும் 0.15 பாயின்ட்ல மெடல் கைநழுவிப் போச்சே, அது ஆர்ட்டிஸ்டிக். இது வேற. குதிரையும் கிடையாது, கம்பியும் கிடையாது. 13க்கு 13 மீட்டர் கார்ப்பெட், ஒரு பாட்டு, கையில ஒரு பொருள். ஒண்ணேகால் நிமிஷத்துலேர்ந்து ஒன்றரை நிமிஷத்துக்குள்ள ஆடி முடிக்கணும். கைப்பொருள் நழுவி விழுந்தா குறைஞ்சது அரை பாயின்ட் அவுட். மூணடி ஓடிப்போய் எடுத்தா முழுசா ஒண்ணு. தீபா தவறவிட்டது 0.15னு சொன்னேனா? அப்ப இதைக் கணக்குப் போட்டுப் பாருங்க!

இந்த ரூல் எல்லாம் நான் படிச்சதில்ல மக்கா. இப்ப எட்டாவது படிக்கிற வாண்டு எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இவ கையில இருந்தது ஜடை ரிப்பன் பலதைச் சேர்த்துத் தைச்ச ஆறு மீட்டர். குச்சி, மூங்கில். நிஜ ரிப்பனும் ஆறு மீட்டர்தான், ஆனா ஒட்டுப்போடாத ஒரே துண்டா இருக்கணும். தையல் வர்ற இடத்துலயெல்லாம் இவ ரிப்பன் மடங்கி மடங்கி விழுந்துச்சு. "நீ இன்ஜினீயர்தானண்ணே, சரி பண்ணு"ன்னு நீட்டினா. (மூணு அரியர் இருக்கிற விஷயம் அவளுக்குத் தெரியாது!)

உட்கார்ந்து யோசிச்சேன். ரிப்பனுக்குன்னு விறைப்பு எதுவும் கிடையாது. கை ஆடிக்கிட்டே இருந்தாதான் அலை கடைசி நுனி வரைக்கும் போகும். கை ஒரு நொடி சும்மா இருந்தாலும் துணி தொய்ஞ்சு, சுருண்டு, முடிச்சாயிடும். குச்சியும் ரிப்பனும் சேர்ற இடம் சுத்தலைன்னா ரிப்பன் முறுக்கிக்கும். என் பைக் சாவியில இருந்த சுழல் வளையத்தைக் கழட்டி அந்த இடத்துல மாட்டினேன். முறுக்கல் போச்சு! காலேஜ்ல மூணு வருஷமா எந்த லேப்லயும் வராத சந்தோஷம்.

சாயங்காலம் ஆத்து மணல்ல காலாலயே 13க்கு 13 கோடு போட்டோம். ஒன்றரை நிமிஷத்துக்கு நான் ஸ்டாப்வாட்ச். முதல் ரவுண்டுல ஆறு தடவை கீழ விழுந்துச்சு, கோட்டைத் தாண்டி ரெண்டு தடவை, கடைசியா என் கழுத்து. "உள்அரங்குல ஆடுற விளையாட்டு இது, ஆடிக் காத்துல ஆகுமா?"ன்னேன். "காத்துல கத்துக்கிட்டா உள்ள ஈஸிதானண்ணே?" ரெண்டாவது ரவுண்டு நாலு தடவை.

வீட்டுக்கு வந்தா ஆச்சி திண்ணையில. "ஏட்டி, இன்னுமா அந்த வாலை வீசிக்கிட்டுத் திரியுத?"ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் அவங்களே சொன்னாங்க. "மார்கழியில அரையர் சேவை பார்த்திருக்கியாலே? கையில தாளம், வாயில பாட்டு, அப்புறம் அபிநயம். கை தப்பினா எல்லாம் தப்பிரும். இவ பண்ணுததும் அப்படித்தான் இருக்கு." ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரின்னு தமிழ்நாட்டுல அரையர் சேவை இன்னும் நடக்குற சில ஊர்கள்ல இதுவும் ஒண்ணு. பரம்பரையா ஆண்கள் மட்டுமே செய்யறது. ரிதமிக்ல அப்படியே தலைகீழ். 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல சேர்ந்ததுலேர்ந்து ஒலிம்பிக்ஸ்ல பெண்களுக்கு மட்டும்தான்!

சித்திக்கு வேற கவலை. "வயசுக்கு வந்த புள்ள... அந்த டிரெஸ்ஸைப் போட்டு எப்படிப்பா?" அதுக்கும் வாண்டுகிட்ட பதில் ரெடி. கணுக்கால் வரை மூடுற டிரெஸ்ஸுக்கும் ரூல்ல இடம் உண்டாம். சித்தி ஒண்ணும் சொல்லாம உள்ள போனாங்க. 'வேண்டாம்'னும் சொல்லல, அதைக் கவனிச்சேன்.

ராத்திரி மொட்டை மாடி. அப்பத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டா. "நான் போக முடியுமாண்ணே?"

என்ன சொல்ல? சர்வதேசப் போட்டின்னு நம்ம நாட்லயே நடந்திருக்கு. 2010 டெல்லி காமன்வெல்த்ல, இந்திரா காந்தி உள்அரங்கத்துல ஆஸ்திரேலியாவோட நாஸ்மி ஜான்ஸ்டன் தங்கம் வாங்கினார். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்துக்கு ஜம்முவிலேர்ந்து பவ்லீன் கௌர் போனார். ஆனா பாரிஸ் வரைக்கும் ஒலிம்பிக் ரிதமிக்ல இந்தியாவிலேர்ந்து ஒருத்தர்கூட இறங்கினதில்ல. உச்சத்துக்கு வர்றவங்க பலரும் எல்.கே.ஜி. வயசுலயே ஆரம்பிச்சவங்க. பதினாறு வயசாகிற வருஷத்துலேர்ந்து சீனியர் போட்டி. இவளுக்கு இருக்கிறது மூணு வருஷம். கார்ப்பெட் கிடையாது, கோச் கிடையாது, வீட்டுக்குள்ள தூக்கி எறிஞ்சா ஃபேன்ல மாட்டும்.

'கண்டிப்பா முடியும்டா'ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். மனசு வரல. எல்லாத்தையும் அப்படியே சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்ல. தப்புப் பண்ணிட்டோமோன்னு எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. அப்புறம் மெதுவா, "எனக்கும் தெரியும்ணே. போன்ல பார்த்துட்டேன்"னா.

"தெரிஞ்சுமா கேட்ட?"

"நீயாவது பொய் சொல்லாம சொல்றியான்னு பார்த்தேன். இங்க எல்லாரும் சூப்பர், சூப்பர்னு மட்டும் சொல்றாங்க. எத்தனை தடவை விழுந்துச்சுன்னு எண்ணினது நீதான். நாளைக்கும் எண்ணுவியா?"

மறுநாள் எண்ணினேன். மூணு. அதுக்கு அடுத்த நாளும் மூணு. கிளம்பற அன்னைக்குக் காலையில ரெண்டு. ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பறப்ப ஒரே ஒரு ஆர்டர்தான் போட்டா. "அடுத்த லீவுக்கு வர்றப்ப சாட்டின் ரிப்பன். ஆறு மீட்டர், அஞ்சு சென்டிமீட்டர் அகலம். ஒட்டே இருக்கக் கூடாது!"

திருநெல்வேலியில இறங்கின கையோட கடைக்குப் போனேன். அளவைச் சொன்னதும் கடைக்கார அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்வளவு நீளமா? எந்தக் கடைத் திறப்பு விழாவுக்குத் தம்பி?"

"திறப்பு விழாதான் அண்ணாச்சி... ஆனா வெட்டிராதீங்க!"