கண்ணும் காதும்

கடலோரக் காவல்படையினர் மீனவர்களைக் குறிப்பிடும்போது 'எங்கள் கண்ணும் காதும்' என்பார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இத்தொடர் செங்கல்பட்டுப் பக்கத்துக் குப்பங்கள்வரை வந்து சேர்ந்துவிட்டது. அன்று 'குபேர்' என்னும் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதிலிருந்தவர்களைக் கொன்றுதான் தாக்கியவர்கள் வந்தார்கள். கரையேறியவர்களை யாரென்று முதலில் கேட்டவர்களும் அங்கிருந்த மீனவக் குடியிருப்பினரே.

1977இல் தொடங்கப்பட்ட படை இது. தமிழகக் கடற்கரை மட்டுமே 1000 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. எத்தனை கப்பல்கள் இருந்தாலும், நாள்தோறும் கடலுக்குள் போய்வருபவனின் பார்வைக்கு அவை ஈடாகா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கொக்கிலமேட்டில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "வெளியூர் போட்டுன்னா இஞ்சின் சத்தத்துலயே தெரிஞ்சிடும் தம்பி. சொல்றதுக்கு என்ன, சொல்லிடுவோம். தொழில விட்டுட்டுத் தேடப் போனா அன்னிக்கு டீசல் காசு யாரு தருவாங்க?" என்றார். அவர் குரலில் புகார் இல்லை. கணக்கு மட்டுமே இருந்தது.

அந்தக் கணக்கை நாம் போடுவதேயில்லை என்று தோன்றுகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதின. ஒன்றின் பெயர் 'டான் காஞ்சிபுரம்'. மாமல்லபுரமும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கரையில் படிந்த எண்ணெய்ச் சேற்றை இயந்திரங்களால் உறிஞ்ச முடியாதபோது, காவல்படையினரோடு மாணவர்களும் மீனவர்களும் வாளிகளில் அள்ளினார்கள். பலருக்குத் தகுந்த காப்புடைகூட இல்லை. அவர்களை வாயாரப் பாராட்டினோம். அந்த நச்சு அவர்கள் தோலையும் மூச்சையும் என்ன செய்யும் என்ற கேள்வி பாராட்டில் கரைந்துபோயிற்று.

அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கு 1939 முதல் தன்னார்வலர்களின் துணைப்படை ஒன்று உண்டு. அவர்களுக்கு ஊதியம் இல்லை. ஆனால் ஆணையின்பேரில் சொந்தப் படகை எடுத்துச் செல்லும்போது எரிபொருள் செலவை அரசு ஈடுசெய்கிறது. பணியில் காயமுற்றால் இழப்பீடும் உண்டு. தொண்டின் பெருமை இதனால் குறைந்துவிடவில்லை.

நம்மிடம் தொண்டுள்ளத்துக்குப் பஞ்சம் இல்லை. அதைக் காரணம் காட்டி, செலவையும் ஆபத்தையும் அன்றாடங்காய்ச்சியின் தலையில் இறக்கிவைக்கிறோம். கண்ணென்றும் காதென்றும் ஒருவரை அழைத்தால், அந்தக் கண்ணில் தூசி விழும்போது உடலுக்கும் வலிக்க வேண்டுமல்லவா?