நவம்பரில் வெயில் பட்ட தோள்

அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் தோளில் இருந்த வெயில் கோடு. நீச்சல் உடையின் பட்டை மறைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. சுற்றிலும் தோல் நன்றாகக் கறுத்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, லிவிங்ஸ்டன் கவுண்டியில் கலிடோனியா என்று ஒரு சிற்றூர். 1979 நவம்பர் 10 காலை, அங்கே 20ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய மக்காச்சோளக் கொல்லையில் அவள் உடல் கிடந்தது. நவம்பரில் அந்தப் பக்கத்து ஆட்கள் கம்பளிக்குள் புகுந்துவிடுவார்கள். தோளைக் கறுக்க வைக்கிற வெயில் அங்கே ஏது? ஆக, வெளியூர்ப் பெண். தெற்கே எங்கிருந்தோ வந்தவள். முதல் நாளே கிடைத்த அந்த ஊகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பெயர் தெரிய 35 ஆண்டுகள் ஆயின.

கொல்லையில் சிவப்பாக ஏதோ தெரிகிறதே என்றுதான் பார்த்திருக்கிறார்கள். காற்றுக்கு அணிகிற சிவப்பு மேல்சட்டை, கைகளில் கறுப்புக் கோடு. உள்ளே கட்டம் போட்ட சட்டை, கார்டுராய் கால்சட்டை, முழங்கால் வரை ஏறும் நீலக் காலுறை. கழுத்தில் நீலப்பச்சைக் கற்கள் வைத்த சங்கிலி. இதய வடிவத்தில் ஒன்றும் சாவி வடிவத்தில் ஒன்றுமாக இரண்டு சாவி வளையங்கள். எல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பெண் தன் கைக்காசில் ஆசைப்பட்டு வாங்கியிருக்கக்கூடிய பொருள்கள். தலையில் ஒரு குண்டு, முதுகில் ஒரு குண்டு. பாக்கெட்டுகள் வெளியே இழுத்துவிடப்பட்டிருந்தன. முந்தைய இரவு பெய்த பெருமழை மற்ற தடயங்களைக் கொண்டுபோய்விட்டது.

டான்ஸ்வில் என்ற ஊரின் கிரீன்மவுன்ட் கல்லறைத் தோட்டத்தில் அவளைப் புதைத்தார்கள். அடையாளம் தெரியாத பெண் என்று கல் வைத்தார்கள். ஜான் யார்க் என்ற காவல் அதிகாரி அந்தச் சோளக்கொல்லையில் தொடக்கத்திலேயே நின்றவர். பிறகு அதே கவுண்டிக்கு ஷெரீப் ஆனார். 1984இல் ஹென்றி லீ லூகாஸ், நூற்றுக்கணக்கான கொலைகளைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த ஆள், இதையும் நான்தான் செய்தேன் என்றான். ஒப்புக்கொண்டான் என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம்! அவன் சொன்னதை நம்பிக் கோப்பை மூடவில்லை அங்கே. அந்த ஒரு காரியத்துக்காகவே யார்க்கின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

2006இல் ஒரு காரியம் நடந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த அவள் உடைகளை எடுத்து, துணியில் ஒட்டியிருந்த மகரந்தத்தைச் சோதித்தார்கள். ஓக், ஸ்ப்ரூஸ், பிர்ச் ஆகிய மரங்களோடு கூட ஒன்று: சவுக்கு.

சவுக்கு! இதை முதலில் படித்தபோது மேலே நகர முடியவில்லை. கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அது மரம் என்பதைவிட வீட்டு ஆள். அடுப்புக்கு அதுதான், பந்தல் காலுக்கு அதுதான், வீடு கட்டும்போது சாரத்துக்கும் அதுதான். பூக்கிற காலத்தில் தோப்பு ஓரமாகத் துணி காயப்போட்டால் செம்பழுப்புத் தூசி படிந்துவிடும். உதறி உதறி மடிப்பார்கள். காற்று போகிற இடமெல்லாம் போகிற தூள். அந்தத் தூளில் கொஞ்சம், உறைபனி விழுகிற ஒரு ஊரில் இறந்துகிடந்த பெண்ணின் துணியில் இருபத்தேழு வருடம் ஒளிந்திருந்தது. ஆஸ்திரேலியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பிறந்த மரம். அமெரிக்காவில் புளோரிடா, தெற்கு கலிபோர்னியா மாதிரி வெயில் நிலங்களில்தான் நட்டுப் பிழைக்கிறது. நியூயார்க்கின் குளிரை அது தாங்காது.

தோள் சொன்னதையே சவுக்கும் சொன்னது: தெற்கே பார். புளோரிடா, கலிபோர்னியா, அரிசோனா என்று ஊகங்கள் அலைந்தன. திசை தெரிந்தது, போய்த் தட்டுவதற்குக் கதவு தெரியவில்லை.

சவுக்குத் தோப்பு என்றால் எங்கள் பள்ளிக்கூடமும் கூடவே வந்துவிடுகிறது. தோப்பைத் தாண்டித்தான் பள்ளி. வகுப்பில் ஒரு பெண் அரைப்பரீட்சை லீவுக்குப் பிறகு வரவில்லை. டீச்சர் கொஞ்ச நாள் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டார். அப்புறம் சிவப்பு மையால் பெயரை அடித்தார். அந்தப் பதிவேட்டைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. அவளோடு தினமும் தட்டாங்கல் ஆடிய ஒருத்தி மட்டும் விடவில்லை. அவள் குப்பத்திலிருந்து மீன் விற்க யார் வந்தாலும் கூடையை இறக்கவிட்டு, "அவ எங்கக்கா?" என்று கேட்பாள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள் என்ற பதில் வெகுகாலம் கழித்து அவளுக்குத்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பதில் கடைசிவரை தேவைப்படவே இல்லை.

பெயர் தெரியாத உடல்களுக்குப் பெயர் தேடுகிற சாதாரண ஆட்களைப் பற்றிப் பேசும்போது, துப்பறியும் கதை படித்துக் கெட்டுப்போனவர்கள் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டாட் மாத்யூஸை எடுத்துக்கொள்ளுங்கள். டென்னசி மாநிலத்தில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். அவருடைய மாமனார் கிணறு தோண்டுகிற தொழில் செய்தவர். 1968 மே மாதம், கென்டக்கியில் ஜார்ஜ்டவுன் என்ற ஊருக்குப் பக்கத்தில், கூடாரத் துணி மாதிரியான தார்ப்பாயில் சுற்றிக் கிடந்த ஒரு பெண்ணுடலைக் கண்டவர் அந்த மாமனார்தான். கூடாரப் பெண் என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. கல்லறைக் கல்லில் முகத்தையும் வரைந்து வைத்தார்கள். மனைவி வீட்டில் கேட்ட அந்தக் கதையை மாத்யூஸால் இறக்கிவைக்க முடியவில்லை. வருடக்கணக்கில் தேடினார். 1998இல், காணாமற்போன தன் அக்காவைத் தேடி ஒரு பெண் இணையத்தில் போட்டிருந்த நாலு வரி அவர் கண்ணில் பட்டது. மரபணுச் சோதனை அதை உறுதி செய்தது.

அந்தக் கதையில் எனக்கு உறுத்துவது வேறொன்று. கூடாரப் பெண்ணுக்கு 16இலிருந்து 19 வயதுக்குள் இருக்கும் என்று கணித்திருந்தார்கள். உண்மையில் அவளுக்கு 24. ஒரு குழந்தைக்குத் தாய். உடலோடு ஒரு வெள்ளைத் துணி இருந்தது. குழந்தைக்குக் கட்டுகிற துணி. சின்னப் பெண் என்று முடிவு கட்டிய பிறகு அந்தத் துணி பேசியதை யாரும் காதில் வாங்கவில்லை. காணாமற்போன பள்ளி மாணவிகளின் பட்டியலில் முப்பது வருடம் தேடிக்கொண்டிருந்தால் ஒரு தாய் எப்படிக் கிடைப்பாள்?

தப்பான இடத்தில் தேடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. நியூ ஜெர்சியின் பிளேர்ஸ்டவுன் கல்லறைத் தோட்டத்தில் 1982 ஜூலையில் முகம் சிதைந்து கிடந்த ஒரு பெண். எரிக் கிரான்ஸ் என்ற காவல் அதிகாரி அவளுக்கு இளவரசி என்று பெயர் வைத்தார். ஊரே சேர்ந்து அடக்கம் செய்தது. அவள் கலிபோர்னியாவில் காணாமற்போன இன்னொரு சிறுமிதான் என்று பலர் பல வருடம் உறுதியாக நம்பினார்கள். மரபணுச் சோதனை இல்லை என்றது. ஒரு குடும்பத்துக்கு, உங்கள் மகள் செத்துவிட்டாள், இதோ கல்லறை என்று சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்பது எத்தனை பெரிய கொடுமை. ஆர்வத்தில் கைகாட்டுகிறவர்கள் இதைத் தூங்கும்போதும் நினைவில் வைக்கவேண்டும். பிளேர்ஸ்டவுன் பெண் டான் ஒலானிக், வயது 17, லாங் ஐலண்டைச் சேர்ந்தவள் என்று 2022இல்தான் தெரிந்தது.

காணாமற்போனவர்கள், பெயர் தெரியாத உடல்கள் இரண்டையும் சேர்த்துவைக்கிற தேசியப் பதிவேடு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது, நேமஸ் என்பார்கள். 2007இல் தொடங்கியது, எவரும் திறந்து பார்க்கலாம். ஓர் ஆண்டில் சுமார் 4,400 உடல்கள் பெயரில்லாமல் அங்கே பிணவறைகளுக்கு வருகின்றன, ஓராண்டு கழித்தும் சுமார் 1,000 பேர் அப்படியே மிஞ்சுகிறார்கள் என்று அந்த நாட்டு நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு கணக்கிட்டிருந்தது. அந்தப் பதிவேட்டில் ஒவ்வோர் உடலுக்கும் கீழே ஒரு பட்டியல் இருக்கும்: இவள் இன்னார் இல்லை என்று உறுதியான பெயர்கள். படிக்க ஆரம்பித்தால் நெஞ்சு கனக்கும். ஒருத்தியின் பெயரைத் தேடப் போனால், தேடப்படுகிற இன்னும் எத்தனையோ பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கலிடோனியாப் பெண்ணுக்கும் அந்த வரிசை நீண்டது. ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்த வழியே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் பெயர் எந்தக் காணவில்லை பட்டியலிலும் கிடையாது.

கார்ல் காப்பல்மன் கலிபோர்னியாவில் இருக்கும் கணக்காளர். வீட்டில் தாயாரைக் கவனித்துக்கொண்ட காலத்தில் இந்த வேலையில் இறங்கியவர். பிணவறைப் படங்களைப் பார்த்து, உயிரோடு இருந்தபோது அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் வரைவார். செத்த முகத்தைத் திறந்த கண்ணோடு வரைவதற்கு அதை எத்தனை நேரம் உற்றுப் பார்க்கவேண்டும், யோசித்துப் பாருங்கள். தசை தளர்ந்திருக்கும், உதடு இழுத்திருக்கும். அதையெல்லாம் மனதால் நீக்கிவிட்டு, அடியில் இருக்கிற பெண்ணைக் கண்டுபிடிக்கவேண்டும். காசு யாரும் தரப்போவதில்லை. கலிடோனியாப் பெண்ணையும் வரைந்தார். வரைந்ததால் அந்த முகம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

நாட்டின் மறுகோடியில், புளோரிடாவில், இன்னொருத்தி தேட ஆரம்பித்தாள். பள்ளித் தோழி. ஐம்பதைத் தொட்ட வயதில், கூடப் படித்தவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் கண்ணில் பட, ஒருத்தியை மட்டும் காணோம். அவளும் இவளும் ஒருமுறை வீட்டை விட்டு ஓடி, சரக்கு லாரிகளில் ஏறிக் கலிபோர்னியா வரை போனவர்கள். அந்தச் சிநேகம் மறக்குமா? தோழியின் அக்கா தங்கை யாராவது இருக்கிறார்களா என்று துருவி, ஒரு சகோதரியைக் கண்டுபிடித்தாள். அவள் திரும்பவே இல்லையே என்றாள் சகோதரி. வீட்டில் சண்டை, அடிக்கடி ஓடிப்போகிற பெண், எங்காவது நன்றாக இருப்பாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். காவல் நிலையத்தில் விசாரித்தால், காணவில்லை என்ற புகாரே பதிவில் இல்லை. 2014 ஆகஸ்டில், 35 வருடத் தாமதமாக, ஹெர்னாண்டோ கவுண்டி ஷெரீப் அலுவலகத்தில் புகார் பதிவானது. டாமி ஜோ அலெக்சாண்டர். ஊர் புரூக்ஸ்வில். நேமஸ் பதிவேட்டில் அவள் படம் ஏறியது.

புதிதாக ஏறும் முகங்களை வழக்கமாகப் பார்ப்பவர் காப்பல்மன். அந்தப் படத்தைப் பார்த்தார். தான் வரைந்த முகம். லிவிங்ஸ்டன் கவுண்டிக்கு உடனே எழுதினார். சகோதரியின் மரபணு பொருந்தியது. 2015 ஜனவரி 26 அன்று பெயரை அறிவித்தார்கள். யார்க் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார்.

செய்திகளில் காப்பல்மனைத்தான் பெரிதாகக் கொண்டாடினார்கள். கொண்டாடவேண்டியவர்தான். ஆனால் என் கணக்கில் அந்தத் தோழிக்குப் பாதிக்கு மேல் பங்கு. சவுக்கு மகரந்தம், ஓவியம், மரபணு எல்லாம் இந்தப் பக்கத்து முனை. அந்தப் பக்கத்து முனையில் ஒருவர் எழுந்து, எங்கே அவள் என்று கேட்டிருக்காவிட்டால் இவை எதற்கும் பொருந்திக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது. அப்படி யாரும் கேட்காவிட்டாலும் மரபணுவிலிருந்தே வம்சம் வரைந்து ஆளைக் கண்டுபிடிக்கும் வழி 2018க்குப் பிறகு பரவலாக வந்துவிட்டது. டெக்சஸ் மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் 1980இல் கொல்லப்பட்டுக் கிடந்த 14 வயதுச் சிறுமியின் பெயர், ஷெரி ஜார்விஸ், 2021இல் அப்படித்தான் தெரிந்தது. உன் அப்பா அம்மாவுக்கு நீ இங்கே இருப்பது தெரியுமா என்று உணவகப் பணிப்பெண் கேட்டதற்கு, யாருக்கு அக்கறை என்ற அர்த்தத்தில் அவள் ஏதோ சொல்லிவிட்டுப் போனாளாம். பதினாலு வயதில் ஒரு பிள்ளை அப்படிச் சொல்கிறது என்றால் கேட்டவருக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்குமா?

டாமி பிறந்தது 1963 நவம்பர் 2. பதினாறு முடிந்து ஒரு வாரத்தில் கொன்றிருக்கிறார்கள். லாரிகள் நிற்கும் இடத்து உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்தவள். பெயர் தெரிந்தபின் உடலைப் புளோரிடாவுக்கு எடுத்துப் போகலாமே என்ற பேச்சு வந்தபோது, இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட ஊரிலேயே இருக்கட்டும் என்று குடும்பம் விட்டுவிட்டது. டான்ஸ்வில்லில் அதே இடம், கல்லில் மட்டும் பெயர்.

கொன்றது யார் என்பது நான் கடைசியாகப் படித்தவரை வெளிப்படவில்லை. ஆனால் விசாரணையின் கேள்வி மாறிவிட்டது. முன்பு கலிடோனியாவில் நின்று, இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது புரூக்ஸ்வில்லில் போய்க் கேட்க முடியும்: 1979 இலையுதிர் காலத்தில் அவள் யாரோடு பழகினாள், எந்த லாரி நிறுத்தத்தில் வேலை பார்த்தாள், கடைசியாக யார் வண்டியில் ஏறினாள். அவளோடு படித்தவர்கள் அறுபதைக் கடந்துவிட்டார்கள். அங்கிருந்து அந்தச் சோளக்கொல்லைக்கு ஆயிரம் மைலுக்கு மேல். அந்தச் சாலையில் எங்கோ அவளைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். அவர்களை வயது முந்துவதற்குள் கேட்டாகவேண்டும்.